டிரான்ஸ்பார்மரின் சுமையை அளந்து வெளியிடுங்கள்

கோடை இரவில் ஒரு தெருவே இருளில் மூழ்கும்போது, மாநிலத்தில் மின்சாரம் போதவில்லை என்ற எண்ணம்தான் முதலில் எழுகிறது. 2024 மே 2 அன்று தமிழகத்தின் மின் தேவை 20,830 மெகாவாட் என்ற, அதுவரை காணாத உச்சத்தை எட்டியது. அந்த அளவு மின்சாரம் வந்து சேரவும் செய்தது. தெருத்தெருவாக வரும் தடை பெரும்பாலும் அனல்மின் நிலையத்தில் பிறப்பதில்லை. தெருமுனையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்கும் டிரான்ஸ்பார்மரில் பிறக்கிறது. அது எரிந்தால் ‘ஓவர்லோடு’ என்று ஒற்றைச் சொல்லில் காரணம் கூறிவிட்டு, வேறொன்றைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். எத்தனை மாதமாக அது ஓவர்லோடில் ஓடியது, கடைசியாக எப்போது அளந்து பார்த்தார்கள் என்று கேட்டால் பொதுமக்களுக்குப் பதில் கிடைப்பதில்லை. அந்தப் பதிலைக் கையில் வைத்திருப்பதும், அதை ஊரறியச் சொல்வதும்தான் பராமரிப்பின் முதல் வேலை.

கணக்கு எளியது. 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒவ்வொரு பேஸிலும் ஏறத்தாழ 133 ஆம்பியர் கொடுக்கும். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். ஒரே பேஸில் இருக்கும் வீடுகளில் பத்து ஏ.சி. கூடினாலே அந்த பேஸின் திறனில் பாதி தீர்ந்துவிடும். சுமை 20 சதவீதம் மிஞ்சினால் காயிலில் உண்டாகும் வெப்பம் 44 சதவீதம் மிஞ்சும்; மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது ஏறுகிறது. முன்பு மாலையில் விளக்கும் டிவியும் ஓடி, ஊர் அடங்கிய பிறகு டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் எண்ணெய் குளிர்ந்துவிடும். இன்று ஊர் அடங்கும் நேரத்தில்தான் படுக்கையறை ஏ.சி.கள் ஓடத் தொடங்குகின்றன. குளிர வேண்டிய நேரமே உச்சச் சுமை நேரமாகிவிட்டது. காயிலைச் சுற்றியிருக்கும் காகிதத்தின் ஆயுள்தான் டிரான்ஸ்பார்மரின் ஆயுள். 98 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் அந்தக் காகிதம் நலியும் வேகம் இரட்டிப்பாகிறது என்பது பொறியாளர்கள் உலகெங்கும் கையாளும் கணக்கு. எண்ணெயை மாற்றலாம், கம்பி உள்ளே நுழையும் இடத்தில் காப்பாக இருக்கும் புஷ்ஷிங்கை மாற்றலாம். காகிதம் இழந்த வலு திரும்பாது. மே மாதத்தில் எரியும் டிரான்ஸ்பார்மர் மே மாதத்தில் கெட்டுப்போனதல்ல.

இதைத் தடுக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. உச்ச நேரத்தில், அதாவது இரவில், கம்பியைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரால் மூன்று பேஸையும் நியூட்ரலையும் அளந்தால் போதும். ஒரு பேஸ் வழிந்து இன்னொரு பேஸ் சும்மா கிடந்தால், சில வீடுகளின் இணைப்பை மாற்றிக் கொடுத்தே பாரத்தைச் சமன் செய்துவிடலாம். டிரான்ஸ்பார்மருக்குள் காற்று போய்வரும் பிரீதரில் உள்ள நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அது ஈரத்தை இனி உறிஞ்சாது, ஈரம் எண்ணெய்க்குள் போகிறது என்று பொருள். கீழே நின்று பார்த்தாலே தெரியும். எர்த் குழி காய்ந்து, நியூட்ரலும் அறுந்தால், சுமை குறைவான பேஸில் இருக்கும் வீடுகளுக்கு 230 வோல்ட் போய் 400-ஐ நெருங்கும். டிவியும் பிரிட்ஜும் ஒரே நொடியில் போய்விடும். எல்லாவற்றிலும் கேடானது, அடிக்கடி போகிறதே என்று ஃபியூஸில் தடித்த கம்பியைக் கட்டுவது. காவலாக இருக்க வேண்டிய ஃபியூஸ் அதன் பிறகு உருகாது. அதற்குப் பதிலாக டிரான்ஸ்பார்மர் எரியும்.

இதையெல்லாம் செய்ய ஆள் எங்கே என்று கேட்பார்கள். வயர்மேன், கள உதவியாளர் இடங்கள் காலியாகக் கிடப்பதைத் தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகின்றன; துணைக்கு ஆளின்றிக் கம்பம் ஏறுவோர் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். அந்த இடங்களை நிரப்பத்தான் வேண்டும். ஆனால் ஆள் பற்றாக்குறை அளவீட்டைத் தள்ளிப்போடக் காரணமாகாது. அளப்பதற்கு இரண்டு பேர் போதும். எரிந்ததை இறக்கி, லாரியில் ஏற்றி, புதியதை மாட்டுவதற்கு ஒரு குழுவே வேண்டும். பணத்துக்கும் இதே கணக்குதான். 2021-இல் மத்திய அரசு அறிவித்த 3,03,758 கோடி ரூபாய் மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்தில் ஸ்மார்ட் மீட்டருக்கு முக்கிய இடம் உண்டு. டிரான்ஸ்பார்மரிலேயே மீட்டர் வந்தால் இரவு அளவீடு தானாகவே கிடைக்கும், நல்லதுதான். வந்த அளவைப் பார்த்து இணைப்பை மாற்ற அப்போதும் ஒருவர் கம்பம் ஏற வேண்டும். மக்கள் கூடுதல் சுமையைப் பதிவு செய்யாமல் ஏ.சி. மாட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு உண்மை. பதிவு செய்வது நம் கடமை. என்றாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரீடிங் மின்வாரியத்திடமே இருக்கிறது. ஒரு டிரான்ஸ்பார்மரின் கீழ் உள்ள வீடுகளின் யூனிட்டைக் கூட்டிப் பார்த்தால் சுமை ஏறுவது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

விவரங்களை வெளியிட்டால் பிரிவு அலுவலகத்தில் கூட்டம் கூடும் என்ற அச்சமும் உண்டு. கூட்டம் இப்போதே நள்ளிரவில் கூடுகிறது, கையில் எந்த விவரமும் இல்லாமல். 2021 ஜூனில் அணில்களால் மின்தடை ஏற்படுகிறது என்று அப்போதைய மின்துறை அமைச்சர் சொன்னது பெரும் கேலிக்கு உள்ளானது. உயரழுத்த புஷ்ஷிங்குக்கும் டேங்குக்கும் இடையே அணில் பட்டு ஷார்ட் ஆவது உண்மையில் நடப்பதுதான். பல நாடுகளில் புஷ்ஷிங்குக்கு உறை மாட்டுவது அதற்காகத்தான். எந்த டிரான்ஸ்பார்மர் எந்தக் காரணத்தால் எத்தனை முறை நின்றது என்ற பட்டியல் அன்று மக்கள் முன் இருந்திருந்தால், எத்தனை உறை மாட்டவேண்டும், எத்தனை கிளை வெட்டவேண்டும் என்று விவாதம் வேறு திசையில் போயிருக்கும்.

ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரிலும் பெயரும் திறனும் எழுதிய இடத்திலேயே, கடைசியாக அளந்த தேதியையும் மூன்று பேஸின் ஆம்பியரையும் எழுதி வைக்கலாம். பராமரிப்புக்காகக் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை மின்தடை என்று பகுதிப் பெயர்களோடு நாளிதழ்களில் அறிவிப்பு வருகிறது. அந்த ஐந்து மணி நேரத்தில் என்ன வேலை முடிந்தது என்பதையும் மறுநாள் அதேபோல் அறிவிக்கலாம். பிப்ரவரி முடிவதற்குள் இரவு அளவீடு முடிந்தால், எந்தத் தெருவில் பாரத்தைப் பிரிக்க இன்னொரு டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று முடிவெடுத்து, ஏப்ரலுக்குள் அதை நிறுவிவிட நேரம் இருக்கும்.