சீசிங் வண்டியும் ஒரு லட்ச ரூபாய் மிச்சமும்

செவ்வாய்க்கிழமை நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்துக்கு வரும் வியாபாரியைக் கவனித்திருக்கிறீர்களா? மூட்டைக்குள் கையை விட்டு ஒரு விரலியை எடுப்பார். பட்டென்று ஒடிப்பார். உள்ளே நிறம் எப்படி, காய்ச்சல் சரியா என்று பார்ப்பார். அப்புறம்தான் விலை. விரலியோ, உருண்டையோ, பனங்காளியோ, ஒடித்துப் பார்க்காமல் வாங்கச் சொன்னால் ஆளை மேலும் கீழும் பார்ப்பார்.

அந்த மஞ்சளை விற்ற காசோடு கார் வாங்கக் கிளம்பும்போது மட்டும் இந்த புத்தியெல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை. "அண்ணா, கடையில நாலு லட்சம் சொல்ற வண்டிங்க. சீசிங் யார்டுல மூணுக்கு முடிச்சுத் தர்றேனுங்க" என்று ஒரு ஏலப் புரோக்கர் சொன்னால் போதும். யார்டில் நிற்கும் வண்டியைச் சுற்றி வந்து பார்க்கலாம், அனுமதி கொடுத்தால் ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். ரோட்டில் ஓட்டிப் பார்க்க? ஊஹூம். ஓட்டிப் பார்க்காத வண்டிக்கு மூன்று லட்சம். நூறு ரூபாய் செருப்பைக்கூட போட்டு நடந்து பார்த்துத்தான் வாங்குகிறோம்!

சரி, அந்த 'ஒரு லட்சம் மிச்சம்' கதையைப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஏலத்தில் முடிந்த விலை 3,00,000. யார்டு கமிஷனும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 10,000. புரோக்கருக்கு 10,000. மாதக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டி, டயரும் பேட்டரியும் மாற்ற 22,000. கிளட்ச், சஸ்பென்ஷன் வேலைக்கு 25,000. இன்சூரன்ஸ் எப்போதோ செத்துப்போயிருக்கும், 12,000. பெயர் மாற்றம், ஹெச்.பி. கேன்சல், பார்க்கிங் பாக்கி என்று 8,000. கூட்டினால் 3,87,000. இன்சூரன்ஸ் உயிரோடு, பெயரும் மாற்றித் தரும் கடையில் அதே வண்டி 4,00,000 என்றால், மிச்சம் வெறும் 13,000. இதில் இன்ஜின் வேலை சேர்க்கப்படவில்லை. பழைய டிராஃபிக் அபராதம் எத்தனை நிற்கிறது என்பதும் தனிக்கதை.

அந்த 13,000-க்கு வாங்குபவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதுதான் முக்கியம். பி.காம். படிக்கிற எல்லோரும் பரீட்சைக்காக உருப்போடும் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தை ஒருமுறை அர்த்தத்தோடு படித்தால் தெரியும். 'வாங்குபவனே ஜாக்கிரதை' என்று சொல்லும் 16-ஆம் பிரிவிலேயே விதிவிலக்கும் இருக்கிறது. அந்தச் சரக்கையே தொழிலாக விற்பவரிடம், இன்ன உபயோகத்துக்கு வேண்டும் என்று சொல்லி, அவர் திறமையை நம்பி வாங்கினால், சரக்கு அதற்கு லாயக்காக இருக்க வேண்டியது விற்பவர் பொறுப்பு. கார் கடைக்காரர் இதற்குள் வந்துவிடுவார். ஏலத்தில் விற்பது ஃபைனான்ஸ் கம்பெனி. அதன் தொழில் கடன் கொடுப்பது. போதாததற்கு ஏல நிபந்தனையில் 'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்' என்று ஒரு வரி வேறு. இப்படி வெளிப்படையாக ஒப்பந்தம் போட்டு பொறுப்பைக் கழற்றிவிட 62-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. விலையை ஏற்றிவிட விற்பவர் ஆள் வைத்துக் கேட்டது தெரிந்தால் 64-ஆம் பிரிவின்படி வாங்கியவர் விற்பனையை ரத்து செய்யலாம். ஆனால் அதை நிரூபிப்பது யார்?

இவ்வளவுக்கும் நடுவில் நிற்கிற புரோக்கரின் பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கிறது? ரசீது யார்டு பெயரில். ஆர்.சி. புக் தவணை கட்டாத பழைய ஓனர் பெயரில். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் ஃபைனான்ஸ் கம்பெனி படிவம் 36 கொடுத்து தன் பெயரில் புது ஆர்.சி. வாங்கி, அதற்கப்புறம் மாற்றித் தர வேண்டும். அதுவரை வண்டி வீட்டு வாசலில், மனசு ஆர்.டி.ஓ. ஆபீஸில். புரோக்கரோ அடுத்த ஏலத்தில் :-)

காகிதத்தில் பெயர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நவீன் குமார் - விஜய் குமார் வழக்கே சாட்சி. 2007-ல் விற்ற கார் கை மாறி, கை மாறிப் போனது. ஆர்.சி. மட்டும் மாறவில்லை. 2009-ல் விபத்து, ஒரு குழந்தை இறந்தது. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது: ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே ஓனர், அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு. வண்டியை விற்று ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆன மனிதர் மாட்டிக்கொண்டார்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்களுக்கு அங்கீகாரம் கொண்டுவந்தார்கள். அங்கீகாரச் சான்று படிவம் 29பி. வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததும் படிவம் 29சி போகும். அதிலிருந்து டீலரே ஓனராகக் கருதப்படுவார். கடைக்குப் போனால் ஏ.சி.யையும் டீயையும் விட்டுவிட்டு முதலில் இந்த 29பி-ஐக் கேளுங்கள். எல்லாக் கடையிலும் மாட்டியிருக்கும் என்று நினைக்க வேண்டாம். முழிக்கிற கடைக்கும் புரோக்கருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

'கடைக்காரன் மட்டும் யோக்கியனா? மீட்டரைத் திருப்புறது யாரு?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். திருப்புகிறார்கள். டிங்கரிங் செய்து மெழுகு போட்டு 'ஒரே ஓனர், டாக்டர் வண்டி' என்றும் விற்கிறார்கள். (தமிழ்நாட்டில் பழைய கார் எல்லாமே டாக்டருடையதுதான் போல.) ஆனால் அந்தக் கடைக்கு ஒரு கதவு எண் இருக்கிறது, பில் இருக்கிறது. ட்ரூ வேல்யூ மாதிரி கம்பெனிக் கடைகளில் சான்றிட்ட வண்டிக்கு 1 வருடம் வரை வாரண்டியும் 3 இலவச சர்வீஸும் எழுத்தில் உண்டு. ஏமாற்றினால் நாமக்கல் நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். 2019 சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. பில் கொடுக்காத புரோக்கர் மேல் என்னவென்று எழுதி மனுப் போடுவது?

ஏலமே கெட்டது என்று சொல்வதற்கில்லை. சத்தத்தை வைத்தே இன்ஜின் வேலையைச் சொல்லும் மெக்கானிக்குகள் நாமக்கல், சேலம் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். லாரித் தொழிலில் ஊறியவர்கள் சீசிங் வண்டியை எடுத்து லாபம் பார்க்கவும் செய்கிறார்கள். அவர்கள் நேராகப் போய், தன் பெயரில் முன்பணம் கட்டி, தானே கேட்கிறார்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை சீட்டுக்கு அடியில் தடவியே கண்டுபிடிப்பார்கள். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிகள் கணக்குத் தீர்த்த எத்தனையோ கார்கள் ஏலத்துக்குத்தான் போயின. அப்படித் தடவத் தெரியாதவருக்காகத்தான் புரோக்கர் என்கிறார்கள். தடவத் தெரிந்த புரோக்கர் நல்ல வண்டியைத் தனக்கு எடுத்துக்கொள்ளாமல் மஞ்சள்காரருக்கு ஏன் விடுகிறார்?

பி.கு: கடையில் 'ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி' என்று முழு விலைக்கும் போட்டால் கொஞ்சம் நில்லுங்கள். 2025 ஜனவரி முதல் 18 சதவீதம்தான், ஆனால் டீலர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும். 3,60,000-க்கு வாங்கி 4,00,000-க்கு விற்றால் வரி 7,200. எழுபத்திரண்டாயிரம் இல்லை.