உயில் எழுதினால் ஆயுள் குறையுமா?

அறுபதாம் கல்யாணத்துக்காகத் திருக்கடையூர் சென்று, காலனைக் காலால் உதைத்த ஈசன் சந்நிதியில் ஹோமம் வளர்த்து, பேரன் பேத்திகள் சூழ மாலை மாற்றிக்கொண்டு ஊர் திரும்பிய நண்பர் ஒருவரிடம், இனி ஓர் உயில் எழுதி வைத்துவிடலாமே என்று நான் சொன்னபோது அவர் முகம் சுருங்கிய விதத்தைக் கண்டிருந்தால், யமனுக்கு அஞ்சாத அந்த மனிதர் ஒரு காகிதத்துக்கு அஞ்சுகிறார் என்று எவருக்கும் விளங்கியிருக்கும். "நல்ல நாளும் அதுவுமாக இதென்ன பேச்சு, அண்ணா?" என்று அவர் மனைவியும் கடிந்துகொண்டார்.

உயில் அபசகுனம், எழுதியவனை இழுத்துக்கொண்டு போய்விடும் என்ற இந்த எண்ணம் படித்தவர், பாமரர் என்ற பேதமின்றி நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. "இன்னார் எழுதினார், மாதம் திரும்பவில்லை" என்று ஊருக்கு ஒரு கதை உண்டு. கதை மெய்யாகவே இருக்கட்டும். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே நம்மவர் பேனாவைத் தேடுகிறார்கள் என்பதைத் தவிர அது எதையும் நிரூபிக்கவில்லை. சங்கு ஊதியதால்தான் சாவு வந்தது என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பச்சையப்ப முதலியார் 1794இல் உயில் எழுதினார், அவ்வாண்டிலேயே காலமானார். ஆனால் அவர் தருமத்துக்கென்று ஒதுக்கிய திரவியம் நெடுங்காலம் வழக்கில் சிக்கிக் கிடந்த பின்னரும் 1842இல் சென்னையில் ஒரு கல்விச்சாலையாக எழுந்து நின்றதே, அதை ஏன் எவரும் கதையாகச் சொல்வதில்லை?

அபசகுனம் என்று சொல்லக் கூசுகிறவர்கள், "என் பிள்ளைகள் ஒற்றுமையானவர்கள், உயில் எதற்கு?" என்று கௌரவமாகக் கேட்பார்கள். நாம் எழுதாவிட்டால் நம் ஆஸ்திக்கு உயிலே இல்லை என்ற மயக்கம்தான் இக்கேள்வியின் அடியில் கிடப்பது. உண்மையில், உயிலின்றி இறக்கும் ஒவ்வோர் இந்துவுக்கும் 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் ஓர் உயிலை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது; அவருடைய மனசை அறியாமலும், யார் யாரைத் தாங்கினார்கள் என்று விசாரிக்காமலும் எழுதியது.

அந்தக் குருட்டுத்தனத்தின் கொடுமையை 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில் காணலாம். விவாகமான மூன்று மாதத்துக்குள் கணவனை இழந்து, புக்ககத்தாரால் விரட்டப்பட்டு, பெற்றோர் நிழலில் படித்து, உத்தியோகம் பார்த்துப் பொருள் சேர்த்த ஒரு பெண்மணி, உயில் எழுதாமல் 1996இல் மறைந்தார். சந்ததி இல்லை. அவருடைய சுயார்ஜிதத்துக்கு உரிமை கோரி நின்றவர் பெற்ற தாய். சட்டம் கொண்டுபோய்க் கொடுத்ததோ கணவனுடைய சகோதரியின் புத்திரர்களுக்கு. கணவனும் குழந்தையும் இல்லாத இந்துப் பெண்ணின் சொந்தச் சம்பாத்தியத்தில் கணவனின் வாரிசுகளுக்கே பெற்றோரைவிட முன்னுரிமை என்பது விதி. அனுதாபத்தினால் அந்த விதியை மாற்ற இயலாதென்று நீதிபதிகள் கைவிரித்தார்கள். துரத்திய வீட்டுக்கே அவ்வளவும் போயிற்று. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அந்த அம்மையார் இட்டிருக்கக்கூடிய ஒரு கையெழுத்து இதைத் தடுத்திருக்கும். பெண்ணுக்கு எதற்கு உயில் என்பாரும் உண்டு. அவர்களோடு வாதாட எனக்குப் பொறுமையில்லை.

நண்பரிடமும் இதைச் சொன்னேன். "எனக்குப் பின் வீடு இவளுக்குத்தானே?" என்றார். அது அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு. வீட்டில் எண்பத்திரண்டு வயதுத் தாயார் இருக்கிறார், ஒரு மகன், ஒரு மகள். தாய்க்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மக்களுக்கு ஒவ்வொன்று என்று விரல் விட்டு எண்ணியவர் நான்காம் விரலில் நின்றுவிட்டார். காப்பி கொண்டுவந்த அவர் மனைவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முத்திரைத்தாள் எங்கே வாங்க வேண்டும், அண்ணா?" என்று கேட்டார்.

"அது வேண்டாம், அம்மா. வெள்ளைத்தாளே போதும்" என்றேன்.