மஞ்சள் விளக்குக்கு யூரியா மருந்தல்ல

கேள்வி: "தக்காளி, கத்தரிக்காய் ஏற்றிச் செல்ல பி.எஸ்.6 டீசல் பிக்கப் வண்டி வைத்திருக்கிறோம். இரண்டு வாரமாக மீட்டர் பலகையில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிகிறது. வண்டி வழக்கம்போல்தான் ஓடுகிறது. ஒரு மெக்கானிக் சென்சாரை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் போதும் என்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரரோ, யூரியாவைத் தண்ணீரில் கரைத்து நீல மூடி டேங்கில் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார். எதைச் செய்வது?"
- ஒட்டன்சத்திரம் பகுதி வாசகர்

பதில்: மூன்றில் எதையும் இப்போது செய்ய வேண்டாம். முதல் யோசனையில் பணம் வீணாகலாம். இரண்டாவதில் கோளாறு மறைந்து நிற்கும். மூன்றாவது யோசனை வண்டியையே கெடுத்துவிடும்.

பயிரில் இலை மஞ்சளானால் என்ன செய்கிறோம்? அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுப்பகுதி வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். வயலில் தண்ணீர் தேங்கி வேர் பாதித்தாலும் இலை மஞ்சளாகும். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து தெளித்தால் செலவுதான் மிஞ்சும். இந்த விளக்கும் அப்படித்தான். கோளாறு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும்; எது என்று சொல்லாது.

விளக்கு எரிவது எப்படி?

இப்போதைய வண்டிகளில் எஞ்சினை இ.சி.யூ. என்ற சிறிய கணினிப் பெட்டி கண்காணிக்கிறது. உள்ளே போகும் காற்றின் அளவு, எஞ்சின் சூடு, டீசல் அழுத்தம், வெளியேறும் புகையின் தன்மை ஆகியவற்றைச் சென்சார்கள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு அளவு வரம்பைத் தாண்டினால், பெட்டி அதை ஒரு குறியீடாகப் பதிந்துகொண்டு விளக்கை எரியவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, புகையைக் குறைக்கும் பாகங்களும் இந்தக் கண்காணிப்பில் கூடுதலாகச் சேர்ந்துள்ளன. அதனால்தான் வண்டி நன்றாக ஓடும்போதுகூட விளக்கு எரிகிறது.

அந்தக் குறியீட்டைப் படிக்க, ஸ்டீயரிங் பக்கத்தில் 16 முனை கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரை மாட்டினால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். வண்டிக்கு இதுதான் மண் பரிசோதனை.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது

"என்ன கோடு வந்திருக்கிறது? தாளில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கோடும்கூட எந்தப் பாகம் கெட்டது என்று நேராகச் சொல்லாது. உதாரணமாக, பி0401 என்று வந்தால் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வழியில் ஓட்டம் குறைவு என்று பொருள். வால்வில் கரி அடைத்திருக்கலாம், குழாய் விட்டிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். வெறும் கரி என்றால் சுத்தம் செய்தாலே போதும். கோடு பார்க்காமல், காரணம் தேடாமல் சென்சார் மாற்றச் சம்மதிக்காதீர்கள். வாரன்டி முடியவில்லை என்றால் முதலில் கம்பெனி சர்வீசுக்கே போங்கள்.

பேட்டரி வயரைக் கழற்றினால் விளக்கு அணையலாம். ஆனால் கோளாறு அங்கேயே இருக்கும். சில நாளில் மறுபடி எரியும். எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் கோளாறு வந்தது என்ற பதிவும் அழிந்துபோகும். காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் மாத்திரை போட்டுக்கொள்வது போலத்தான் இது.

தோட்டத்து வண்டிகளில் கவனிக்க வேண்டியவை

செலவில்லாமல் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு.

எலி: வைக்கோல், தீவனம் இருக்கும் கொட்டகையில் வண்டி நின்றால் பானெட்டைத் திறந்து வயர்களைப் பாருங்கள். கடித்த வயருக்காகப் புதிய சென்சார் வாங்கியவர்கள் உண்டு.

தூசு: மண் சாலையில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். கையேட்டில் சொன்ன காலத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

டீசலில் தண்ணீர்: கேனில், பேரலில் வைத்திருந்த டீசலை ஊற்றுபவர்கள் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடிக்க வேண்டும்.

பேட்டரி முனை: தளர்ந்தாலோ உப்புப் பூத்தாலோ கோடுகள் தவறாக வரலாம்.

வெல்டிங்: வண்டியில் கொக்கி, கம்பி பற்றவைப்பதானால் முதலில் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கணினிப் பெட்டியே போய்விடக்கூடும்.

கரி வடிகட்டி

பி.எஸ்.6 டீசல் வண்டிகள் பலவற்றில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி உண்டு. புகையில் உள்ள கரியைப் பிடித்துவைத்து, சூடு ஏறும்போது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். தோட்டத்திலிருந்து ஊருக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் மட்டும் மெதுவாக ஓடும் வண்டியில் அந்தச் சூடு வராது; கரி சேர்ந்துகொண்டே போகும். வாரத்தில் ஓரிரு முறை நல்ல சாலையில் 20 நிமிடமாவது சீரான வேகத்தில் ஓட்டுங்கள். அதற்கான தனி விளக்கு எரிந்தால் கையேட்டில் சொன்னபடி செய்யுங்கள். சுத்தம் நடக்கும்போது பாதியில் எஞ்சினை நிறுத்தக் கூடாது.

அந்த நேரத்தில் வடிகட்டிக்குள் சூடு 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். எனவே வைக்கோல் மீதோ, காய்ந்த புல் மீதோ, களத்துச் சருகின் மீதோ வண்டியை நிறுத்தாதீர்கள். சாலையில் பரப்பிய கதிர்மேல் ஓட்டினால், அடியில் சுற்றிய தாளை உடனே எடுத்துவிடுங்கள்.

யூரியா விஷயம்

நீல மூடி டேங்கில் ஊற்றுவது டி.இ.எஃப். என்ற திரவம். அதில் 32.5 சதவீதம் மிகத் தூய யூரியா. மீதி தாது நீக்கிய தண்ணீர். பையூரெட் என்ற கழிவுப்பொருள் அதில் 0.3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் வயலுக்கு வரும் யூரியாவில் அது 1.5 சதவீதம் வரை இருக்கலாம். மேலும் அது வேப்பெண்ணெய் பூசியது. போர்வெல் தண்ணீரிலோ சுண்ணாம்பும் உப்பும் உண்டு. இவை சேர்ந்தால் தெளிக்கும் முனை அடைக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் பாழாகும். மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய் என்றால், பாகம் மாற்றும் செலவு அதைப்போலப் பல மடங்கு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மானிய யூரியா விவசாயத்துக்கு மட்டுமே. வேறு வேலைக்குத் திருப்புவது உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-இன்படி குற்றம். மூட்டையில் இருப்பது பயிருக்கே போகட்டும்.

டி.இ.எஃப். திரவத்தைத் தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். டேங்கைக் காலி செய்து கழுவிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஓட்டலாமா, நிறுத்தலாமா?

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, இழுவையும் சத்தமும் வழக்கம்போல இருந்தால் மார்க்கெட் போய் வரலாம். ஆனால் ஓரிரு நாளில் ஸ்கேன் செய்துவிட வேண்டும். இரண்டு வாரம் அதிகம். இழுவை குறைந்தால் கணினிப் பெட்டியே எஞ்சினைக் காக்கச் சக்தியைக் குறைத்திருக்கலாம். சுமை ஏற்றாமல் மெதுவாகச் சர்வீசுக்குக் கொண்டுபோங்கள். பெட்ரோல் வண்டியில் இந்த விளக்கு விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் கேட்டலிஸ்டைச் சூடேற்றுகிறது என்று பொருள், ஓரமாக நிறுத்துங்கள்.

சிவப்பு விளக்கு வேறு. ஆயில் கேன் படமோ, எஞ்சின் சூட்டைக் காட்டும் படமோ சிவப்பாக எரிந்தால், தக்காளி வண்டியில் இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஒரு நடைச் சரக்கு போனால் அடுத்த பறிப்பில் ஈடுகட்டலாம். எஞ்சின் போனால் அந்தப் பருவமே போய்விடும்.

கேள்வி: "எங்கள் டிராக்டரில் இப்படி ஒரு விளக்கே இல்லையே, ஏன்?"
- திருவாரூர் மாவட்ட வாசகர்

பதில்: 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு ட்ரெம் 4 புகை விதி வந்துவிட்டது. அவற்றில் கணினிப் பெட்டியும் சென்சாரும் இருக்கும். மேலே சொன்னவை பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும். அதற்குக் குறைந்த திறன் கொண்ட டிராக்டர்கள் பலவும் பழைய முறைப் பம்புடன்தான் வருகின்றன. அங்கே விளக்கு சொல்லாது. ஆயில் அளவையும், தண்ணீரையும், புகையின் நிறத்தையும் நாம்தான் தினமும் காலையில் பார்க்க வேண்டும்.