அஞ்சல்தலையில் ஏறிய சிட்டுக்குருவி

2010-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் இந்திய அஞ்சல்துறை புறாவுக்கும் சிட்டுக்குருவிக்கும் அஞ்சல்தலை வெளியிட்டது. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில்தான் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. தற்செயல்தான், எனினும் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் செல்லுந்தோறும் இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணத் தோன்றுகிறது.

1962-இல் பல நாடுகளின் அஞ்சல்தலைகளில் கொசு இடம்பெற்றது. மலேரியா ஒழிப்பின் பகைவனாக! 1963-இல் நம் நாட்டு வனவிலங்குத் தலைகளில் யானையும் புலியும் சிங்கமும் வீற்றிருந்தன. 1975-இல் வண்ணப் பறவைகள், 1981-இல் வண்ணத்துப்பூச்சிகள். வீட்டுக் குருவியை அன்று தேடுவார் இல்லை. முற்றத்தில் நிற்பதைப் படத்தில் பார்ப்பானேன்? அது தலையில் ஏறியது, முற்றத்தை விட்டு அகலத் தொடங்கிய பின்னரே.

குறுந்தொகையின் 46-ஆம் பாடலில், முற்றத்தில் உலரும் தானியத்தைத் தின்று, மன்றத்துப் புழுதியில் குடைந்தாடி, இறவாணத்தில் குஞ்சுகளோடு உறங்குகிறது குருவி. தலைவியின் பிரிவுத்துயரைச் சொல்ல அந்த எளிய உயிரே புலவருக்குப் போதுமாயிற்று. பயணமொன்றில் தோழர்கள் சிறு பறவையொன்றின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்தது கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கப் பணித்ததாக அபூதாவூதின் நபிமொழித் தொகுப்பு கூறுகிறது. கூட்டைப் பறிப்பது சிறு பிழையன்று என்பதை நாம் இதனினும் தெளிவாக வேறெங்குக் கற்கப்போகிறோம்?

ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை கைப்பேசிகளை உருவாக்கியது. கைப்பேசி வந்தது, கடிதம் குறைந்தது, அஞ்சல்தலையும் சேகரிப்போர் கைப்பொருளாய்ச் சுருங்கிவருகிறது. குருவி மறைவதற்கும் கைப்பேசிக் கோபுரமே காரணம் என்பார் பலர். அறிவியல் அதனை மெய்ப்பிக்கவில்லை. கோபுரத்தின்மேல் பழிபோட்டால் நம் கை கழுவப்பட்டுவிடும் என்பதே அக்கூற்றின் கவர்ச்சி போலும்! ஓட்டுவீட்டின் இடுக்குகளை இடித்துக் கான்கிரீட்டும் கண்ணாடியும் எழுப்பியோர் நாம். குஞ்சுக்கு ஊட்டும் புழுபூச்சிகள் வாழ்ந்த வேலிப்புதரை அழித்து, புல்வெளி விரித்தோரும் நாமே.

ஆலைகள் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. வல்லம், மாத்தூர்ப் பகுதி இளைஞர்களுக்கும், வடமாநிலங்களிலிருந்து வந்து விடுதிகளில் நெருங்கி வாழும் தொழிலாளர்க்கும் அவையே சோறு. ஆனால் சுற்றுச்சுவரோரம் ஒரு முள்வேலியும், கூரைக்கடியில் கையகல இடுக்கும் விடுவதால் எந்த உற்பத்தி குறையும்? நம் மாணவர் பலர் நாளை அங்கே பொறுப்பில் அமரக்கூடும். அதுவரை காத்திராமல், நாட்டு நலப்பணித் திட்டத்தார் நம் விடுதித் தாழ்வாரத்தில் இவ்வாண்டே நான்கு மண்கலயங்களைக் கட்டட்டும். கலயத்தின் விலையைத் தர ஊர்ப் பெரியோர் முன்வருவார்கள்.