மதிலின்மேல் இருந்தவர்களிடம் பேசிய ரப்சாக்கே



வேதாகமத்தில் தேர்தல் இல்லை. ஆனால் ஜனங்களின் மனதைப் பேச்சினால் பிடிக்க முயன்றவர்கள் அதில் பலர் உண்டு. பட்டணத்து வாசலில் நின்று, வழக்கோடு வந்தவன் ஒவ்வொருவனையும் தழுவி முத்தமிட்டு, 'உன் குறையைக் கேட்க ராஜாவினிடத்தில் ஆள் இல்லையே' என்ற தொனியில் பரிதாபப்பட்ட அப்சலோம் ஒருவன். பவுலுக்கு விரோதமாய்ப் பேசக் கூலிக்கு அமர்த்தப்பட்ட தெர்த்துல்லு மற்றொருவன். தேசாதிபதியைப் புகழ்ந்த பிறகுதான் அவன் விஷயத்துக்கே வருகிறான். ஆயினும் இவர்கள் எல்லாரையும்விடத் திறமைசாலி, 2 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தில் வரும் ரப்சாக்கே என்பதே என் எண்ணம்.

அசீரியா ராஜாவின் சேனையோடு எருசலேமுக்கு வந்த அவனிடம் எசேக்கியாவின் அதிகாரிகள் ஒரு விண்ணப்பம் செய்தார்கள்: சீரிய பாஷையில் பேசும், அது எங்களுக்குப் புரியும், மதிலின்மேல் நிற்கிற ஜனங்கள் கேட்க யூத பாஷையில் பேசவேண்டாம் என்பதே அது. அவன் செய்ததோ நேர் எதிரானது. அதிகாரிகளை விட்டுவிட்டு, சாமானியரை நோக்கி, அவர்களுடைய தாய்மொழியிலேயே, முன்னிலும் உரத்த சத்தமாய்ப் பேசினான். அவனவனுக்குச் சொந்தத் திராட்சச்செடி, சொந்த அத்திமரம், சொந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று வாக்குக் கொடுத்தான். அதே மூச்சில், நான் வந்து உங்களை வேறொரு தேசத்துக்குக் கொண்டுபோகும்வரைக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டான். முதற்பகுதி காதுக்கு இனிமையானது. அவன் வந்த காரியமோ இரண்டாம் பகுதியில் இருந்தது.

வடாலாவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நமக்கு இந்தச் சம்பவம் அந்நியமானதல்ல. இந்த நகரத்தின் தேர்தல் மேடைகள் தமிழரை விரோதியாகக் காட்டியும் பேசியிருக்கின்றன. உறவினராகத் தழுவியும் பேசியிருக்கின்றன. இரண்டிலும் கையாளப்படும் கருவிகள் அநேகமாய் ஒன்றே. நம்மில் நாற்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு முந்தின கதை சரியாகத் தெரியாது என்பதால் அதை முதலில் எழுதுகிறேன்.

1960 ஆகஸ்டில் பால் தாக்கரே 'மார்மிக்' என்ற மராத்திய கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் அதில் ஒரு புதுமையான பகுதி வரத் தொடங்கியது. இன்ன நிறுவனத்தில் இன்னின்ன அதிகாரிகள் என்று பெயர்கள் மட்டும் வரிசையாக அச்சிடப்படும். பெரும்பாலும் தென்னிந்தியப் பெயர்கள். தொலைபேசி விவரப் புத்தகத்திலிருந்தே பல பெயர்கள் எடுக்கப்பட்டன என்பார்கள். தலைப்பு, 'வாசியுங்கள், சும்மா இருங்கள்' என்பதாகும். பின்பு அது 'வாசியுங்கள், எழும்புங்கள்' என்று மாறிற்று. இதன் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். பட்டியலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. ஆகையால் மறுப்பதற்கும் ஒன்றும் இல்லை. அந்தப் பெயர்கள் உண்மையானவை. அந்நிறுவனங்களில் மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எந்தப் பரீட்சையில் தேறி வந்தார்கள் என்பது மட்டும் சொல்லப்படவில்லை. முடிவை வாசகனே தன் மனதில் செய்துகொள்ளும்படி விடப்பட்டது. பிறர் சொன்ன முடிவை மனிதன் சந்தேகிப்பான். தானே கண்டுபிடித்ததாக நினைக்கிற முடிவை விடவே மாட்டான்.

1966 ஜூன் 19-ல் சிவசேனை பிறந்தது. அக்காலத்து முழக்கத்தை மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழ்ந்த மூத்தவர்கள் இன்றும் மறக்கவில்லை: 'லுங்கி ஹடாவ், புங்கி பஜாவ்'. லுங்கியை விரட்டு, ஊதுகுழலை ஊது என்று பொருள். மனிதரை விரட்டு என்று அது சொல்லவில்லை, ஒரு துணியைத்தான் சொல்லிற்று. அதனால் சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தது. எதுகை இருந்ததால் சிறுபிள்ளைகளும் பாடினார்கள். காதில் பொருந்திவிட்ட சொல்லுக்குப் புத்தி சாட்சி கேட்பதில்லை. 'மதராசி' என்ற ஒற்றைச் சொல் அதைவிட வேலை செய்தது. தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் நால்வரும் அதில் ஒரே ஜாதியானார்கள். மாட்டுங்காவின் வங்கிக் குமாஸ்தாவும் தாராவியின் தோல் பதனிடும் தொழிலாளியும் ஊரில் ஒரே பந்தியில் உட்காராதவர்கள்; அவர்களை ஒரே வரிசையில் நிறுத்திய பெருமை அந்தச் சொல்லுக்கு உண்டு! 1961-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தென்னிந்திய மொழி பேசினவர்கள் இந்நகரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1967 பொதுத்தேர்தலில் பம்பாய் வடகிழக்குத் தொகுதியில் சுயேச்சையாக நின்ற வி.கே. கிருஷ்ண மேனன், காங்கிரஸின் எஸ்.ஜி. பார்வேயிடம் தோற்றார். மேனனுக்கு எதிராகச் செய்யப்பட்ட பிரசாரத்தில், அவர் வெளியார் என்பதே சிவசேனையின் முக்கிய ஆயுதமாயிருந்தது.

நியாயமாகவும் பேசவேண்டும். நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் கொடுத்து, 1960 மே 1-ல் மகாராஷ்டிரம் பிறந்தது. அதன் தலைநகரிலேயே மராத்திய வாலிபன் வேலையின்றி நின்றது மெய்யான துக்கம். ஜனங்களை அசைக்கிற பிரசாரம் முழுப்பொய்யின்மேல் கட்டப்படுவதில்லை. உண்மையான காயம் ஒன்று வேண்டும். பிறகு அதற்குக் காரணன் என்று கைநீட்ட எளிதில் அடையாளம் தெரிகிற ஒருவன் வேண்டும். ஆலையின் முதலாளிக்கு லுங்கி இல்லையே.

பின்பு காலம் மாறிற்று. 2019 சட்டமன்றத் தேர்தலில் ஆதித்ய தாக்கரே வர்ளியில் நின்றபோது, அதே கட்சியின் விளம்பரப் பலகைகள் குஜராத்தி மொழியில் 'கேம் சோ வர்ளி?' என்று நலம் விசாரித்தன. தேர்தல் வந்தால் நம் பகுதியிலும் தமிழில் துண்டுப்பிரசுரம் வருகிறது, தமிழ்நாட்டிலிருந்து பேச்சாளர்கள் வருகிறார்கள். ஆனால் பழைய சொற்கள் சாகவில்லை. 2026 ஜனவரியில் மும்பை மாநகராட்சித் தேர்தலின்போது, பிரசாரத்துக்கு வந்த பா.ஜ.க.வின் அண்ணாமலைக்கு மறுமொழியாக ராஜ் தாக்கரே சிவாஜி பூங்கா மேடையில் அந்த லுங்கி முழக்கத்தையே மறுபடி எடுத்தார். அறுபது வருஷத்துக்குப் பிறகும் ஒரு சொல்லும் மாற்றத் தேவைப்படவில்லை.

விரோதி என்று அழைக்கிற பேச்சை நாம் எளிதில் அறிந்துகொள்கிறோம். உறவுமுறை சொல்லி அழைக்கிறதைத்தான் அறியாமலிருக்கிறோம். தமிழ்நாட்டு அரசியலில் அண்ணா உண்டு, அம்மா உண்டு. கலைஞர் கருணாநிதி 'உடன்பிறப்பே' என்று கடிதம் எழுதினார், எம்.ஜி.ஆர். 'ரத்தத்தின் ரத்தமான' என்று பேச்சைத் தொடங்குவார். மகாராஷ்டிரத்தில் 2024-ல் மாதம் 1,500 ரூபாய் கொடுக்கும் திட்டத்துக்கு 'அன்புச் சகோதரி' என்ற பொருளில் லாட்கி பஹீண் என்று பெயரிட்டார்கள். அந்தத் தேர்தலில் ஆளும் அணி அதை 2,100 ஆக்குவோம் என்றது. எதிரணி 3,000 தருவோம் என்றது. அரசாங்கம் கொடுப்பது நம் வரிப்பணம். அண்ணன் கொடுப்பதோ சீர். அண்ணனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை, நன்றிதான் சொல்கிறார்கள். அந்தப் பெயரின் பலன் அதுவே. (சகோதரனே, சகோதரியே என்று தினமும் அழைக்கிற பிரசங்கபீடத்துக்கும் இது பொருந்தும். குரலை உயர்த்துவதும் தாழ்த்துவதும், ஒரே வாக்கியத்தை மூன்றுதரம் சொல்வதும் எங்களுக்கும் வேதாகமக் கல்லூரியில் கற்பிக்கப்பட்டவைதான். கருவி பாவமல்ல, கேட்கிறவன் கேள்வி கேட்கலாமா என்பதிலேதான் வித்தியாசம்.)

மொழியின் பேரால் வாக்குக் கேட்பதைப்பற்றிச் சட்டம் என்ன சொல்லுகிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு, மதம், ஜாதி, சமுதாயம், மொழி இவற்றின் அடிப்படையில் வாக்குக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. 1987-ல் விலே பார்லே இடைத்தேர்தலில் மதத்தின் பேரால் வாக்குக் கேட்ட பேச்சுகளுக்காக டாக்டர் ரமேஷ் பிரபுவின் வெற்றி ரத்தானது; உச்சநீதிமன்றம் 1995 டிசம்பர் 11-ல் அதை உறுதி செய்தது. பேசிய பால் தாக்கரே ஆறு வருஷத்துக்கு வாக்குரிமையை இழந்தார். 1990-ல் சாந்தாகுரூஸ் தொகுதியில் நடந்த தேர்தலிலிருந்து எழும்பிய வழக்கில், 2017 ஜனவரி 2 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, வேட்பாளரின் மதமும் மொழியும் மட்டுமல்ல, வாக்காளருடையவையும் இந்தத் தடைக்குள் அடங்கும் என்று நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்த்தது. ஆக, தமிழில் பேசி வாக்குக் கேட்கலாம். தமிழன் என்பதற்காக வாக்களி என்று கேட்கக்கூடாது. 'நம்ம ஆள்' என்று உங்கள் வாசலில் சொல்லுகிறவருக்கு இது தெரியாமலிருக்காது. ஆராதனை ஸ்தலத்தைப் பிரசார மேடையாக்கக்கூடாது என்று தேர்தல் நடத்தை விதிகளும் சொல்லுகின்றன. சபைக்கு நாற்காலியும் ஒலிபெருக்கியும் கொடுத்துவிட்டு 'இரண்டு வார்த்தை' பேச இடம் கேட்கிறவர்களிடம் போதகர்கள் இதைத் தாராளமாய்ச் சொல்லலாம்.

இனி வாக்குறுதியின் இலக்கணம். 1967-ல் சென்னை ராஜ்யத்தில் அரிசித் தட்டுப்பாட்டின் நாட்களில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று பேசியது. 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்பது அந்த முழக்கம். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான தேர்தல் வாக்கியம் தமிழில் உண்டோ என்று நான் சந்தேகப்படுகிறேன். காது மூன்றைப் பிடித்துக்கொள்கிறது. எழுத்திலோ ஒன்றுக்கே உத்தரவாதம். வெற்றிக்குப்பின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி கொடுக்கப்பட்டது. ஆகவே அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அந்த ஒரு படியையாவது கொடுத்தார்களே என்பதையும் மறுப்பதற்கில்லை.

நமக்கு அரிசியைவிடப் பெரிய காரியம் வீடு. 1995 தேர்தலில் சிவசேனை-பா.ஜ.க. அணி மும்பைக் குடிசைவாசிகள் 40 லட்சம் பேருக்கு இலவச வீடு என்றது. பின்பு வந்த திட்டத்தில் 225 சதுர அடி. 1995 ஜனவரி 1-க்கு முன்பு குடியிருந்தவர்களுக்கு மட்டும். கட்டடக்காரர் அதே நிலத்தில் கூடுதலாகக் கட்டி விற்றுச் செலவை எடுத்துக்கொள்வார். நாம் குடியிருந்த நிலத்தின் விலையே இலவசத்துக்கான விலை. கட்டிமுடிந்த வீடுகள் சொன்ன எண்ணிக்கைக்கு வெகுதூரம் பின்தங்கின. 'இலவச வீடு' என்ற இரண்டு சொற்கள் ஊரெங்கும் ஒலித்தன. கட்-ஆஃப் தேதி மேடையில் ஒலிக்கவில்லை. அதற்குப்பின் பல தேர்தல்களில் அந்தத் தேதியைத் தள்ளிவைப்பதே தனி வாக்குறுதியாயிற்று.

தாராவியின் காரியமும் இப்படியே. 350 சதுர அடி என்பது எல்லாருக்கும் தெரியும். அது 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே கிடைப்பது. அதற்குப்பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கும், 2011-க்குப்பின் வந்தவர்களுக்கும் வெளியே வாடகை முறையில் வீடு. ரப்சாக்கேயின் வாக்கியத்தில் இருந்த 'கொண்டுபோகும்வரைக்கும்' என்ற சொல்லை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஜனங்களில் அநேகர் ஏணி வைத்த மேல்மாடியிலே குடியிருக்கிறவர்கள்.

2024 நவம்பர் சட்டமன்றத் தேர்தலில் இதைப்பற்றித் தெளிவு கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 'பட்டேங்கே தோ கட்டேங்கே' என்று ஒரு முழக்கம், பிரிந்தால் வெட்டுண்போம் என்று. 'ஏக் ஹைன் தோ சேஃப் ஹைன்' என்று பிரதமருடைய முழக்கம், ஒன்றாயிருந்தால் பாதுகாப்பு என்று. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாளுக்கு முன் ராகுல் காந்தி மும்பையில் பத்திரிகையாளர் முன்னிலையில் ஓர் இரும்புப்பெட்டியைத் திறந்து காட்டினார். 'சேஃப்' என்ற சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டு அல்லவா? உள்ளே பிரதமரும் அதானியும் சேர்ந்திருக்கும் படமும், தாராவியின் வரைபடமும் இருந்தன. சிலேடை நன்றாகத்தான் இருந்தது. தொலைக்காட்சிகள் நாள்முழுதும் காட்டின. மேல்மாடியில் குடியிருக்கும் விதவைத் தாய் தான் எங்கே போகவேண்டும் என்பதை முழக்கத்திலிருந்தும் அறியவில்லை, இரும்புப்பெட்டியிலிருந்தும் அறியவில்லை.

அதனால் எங்கள் வாலிபர் கூடுகையில் ஒருமுறை ஒரு சிறு பயிற்சி செய்தோம். மூன்று கட்சிகளின் தமிழ்த் துண்டுப்பிரசுரங்களில் பெயரையும் சின்னத்தையும் படத்தையும் காகிதம் ஒட்டி மறைத்து, எது யாருடையது என்று கேட்டேன். யாராலும் சொல்லக்கூடவில்லை. பிறகு ஒவ்வொன்றிலும் எண், தேதி, இடம் உள்ள வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிடச் சொன்னேன். ஒன்றில் இரண்டு வரி தேறிற்று, மற்றவற்றில் ஒன்றுமில்லை.

கடைசியாக அடிவரியையும் வாசிக்கச் சொன்னேன். மேற்சொன்ன சட்டத்தின் 127ஏ பிரிவின்படி, தேர்தல் பிரசுரம் ஒவ்வொன்றிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவருடைய பெயரும் விலாசமும் இருக்கவேண்டும்; மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வாட்ஸ்அப்பில் கைமாறி வரும் செய்திகளுக்கு அப்படிப்பட்ட அடிவரி இருப்பதில்லை. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தின 48 மணி நேரம் மேடைகளும் ஒலிபெருக்கிகளும் ஓய்ந்திருக்கவேண்டும் என்பது சட்டம். 'இதுவே கடைசி வாய்ப்பு', 'இவர் வந்தால் சபைகள் மூடப்படும்', 'உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்பவை அதிகமாய் வருவது அந்த இரண்டு இரவுகளிலேதான். அப்படி ஒன்று வந்தால், அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து இது உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது என்று மட்டும் கேட்கும்படி வாலிபர்களிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் வார்டில் வேட்பாளர் வீட்டுக்கு வந்தால், போட்டோபாஸையும் பழைய மின்கட்டண ரசீதையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இந்தத் தேதிக்கு உங்கள் திட்டத்தில் என்ன உண்டு என்று கேளுங்கள். அவர் எந்த மொழியில் பதில் சொன்னாலும் எழுதிக்கொள்ளுங்கள்.