நட்சத்திரக் குறியைக் கண்டு நடுங்கலாமா?



தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்யும் நாங்கள் இருவர் குடும்ப வைத்தியரிடம் இரத்தம் சோதித்தோம். இருவருக்கும் வந்த கடிதங்களில் ஓர் இலக்கத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. மொழி விளங்கவில்லை, குறி மட்டும் விளங்கியது. வருத்தம் என்று தெரிந்தால் வேலையால் நிற்பாட்டி விடுவார்களே, ஊருக்கு யார் காசு அனுப்புவது என்று கடிதங்களை ஒளித்து வைத்தோம். இரண்டு கிழமை நித்திரை இல்லை.

கடைசியில் மொழி தெரிந்த ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு போனோம். "இரத்தம் கொடுக்க முதல் என்ன வேலை செய்தீர்கள்?" என்று வைத்தியர் கேட்டார். புதிய பிரிவில் மூன்று நாள் பாரப் பெட்டிகள் தூக்கியதைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு விளக்கினார்.

உடம்பின் கலங்களுக்குள் இருக்கும் நொதியங்களில் கொஞ்சம் எப்போதும் இரத்தத்தில் கலக்கும். எங்களில் ஒருவருக்குக் கூடியிருந்தது 'கிறியற்றின் கைனேஸ்'. இது தசையில் உள்ளது. பழக்கமில்லாத பாரம் தூக்கினால் ஏறும், இறங்க ஒரு கிழமையும் செல்லலாம். தசை கூடியவர்களுக்கு இயல்பாகவே கூட. வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய்மாருக்கும் 'அல்கலைன் பொஸ்பற்றேஸ்' என்னும் வேறொரு நொதியம் கூடுவது வழமை.

'இயல்பான அளவு' எப்படி வருகிறது? சுகதேகிகள் பலரைச் சோதித்து, நடுவில் நிற்கும் 95 வீதமானவர்களின் அளவையே பெரும்பாலும் எடுக்கிறார்கள். வெளியே நிற்கும் 5 வீதமானவர்களும் சுகதேகிகள்தான்! அதாவது 20 பேரில் ஒருவருக்கு நோயில்லாமலே குறி விழும்.

ஒரு கிழமை பாரம் தூக்காமல் இருந்து மறுபடி சோதித்தபோது ஒருவருக்கு அளவு இறங்கிவிட்டது. மற்றவருக்குக் கூடியிருந்தது ஈரல் நொதியம். அது இறங்கவில்லை. மேலும் சோதித்ததில் ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பது தெரிந்தது. இப்போது சாப்பாட்டைக் குறைத்து, நடந்து, நிறையையும் குறைத்து வருகிறார். கடிதம் அலுமாரிக்குள்ளேயே கிடந்திருந்தால்?

ஆகவே குறியைக் கண்டு நடுங்கவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். செய்த வேலையையும் எடுக்கும் மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். கடும் வேலைக்குப் பின் தசை தாங்கமுடியாமல் நொந்து, சலம் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் மட்டும் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். எங்கள் சம்மதமில்லாமல் முதலாளிக்கு எதுவும் சொல்லமாட்டேன் என்றும் வைத்தியர் சொன்னார். அதை முதலே கேட்டிருந்தால் இரண்டு கிழமை நிம்மதியாகப் படுத்திருப்போம்.