சிறைக்கூடத்தில் பாதிப் பாடம்

சிறைக் கைதிகளுக்கு எச்.ஐ.வி. தடுப்புப் பற்றிப் போதிக்க வேண்டும் என்பதை இன்று எவரும் பகிரங்கமாக எதிர்ப்பதில்லை. நுளம்பு கடிப்பதாலோ ஒரே கோப்பையில் உண்பதாலோ இந்நோய் தொற்றாது. ஆணுறையற்ற உறவாலும் பிறர் பாவித்த ஊசியாலும் தொற்றும். இதைச் சொல்வதில் யாருக்கும் ஆட்சேபனை இல்லை. "அப்படியானால் ஆணுறை தாருங்கள்" என்று ஒரு கைதி கேட்கும்போதே சங்கடம் ஆரம்பமாகிறது.

டெல்லியின் திகார் சிறையில் 1994 இல் நடந்தது இதுதான். ஆண் கைதிகளிடையே பாலுறவு பரவலாக இருப்பதை அறிந்த மருத்துவக் குழு, ஆணுறை வழங்குமாறு கூறியது. அப்போது சிறைக்குப் பொறுப்பாக இருந்த கிரண் பேடி மறுத்தார். அது அவ்வுறவை ஊக்குவிக்கும் என்பதும், 377 ஆம் பிரிவின்படி அது குற்றம் என்பதும் சொல்லப்பட்ட நியாயங்கள். விடயம் நீதிமன்றம் சென்றது. வயது வந்தோர் இணங்கிக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றம் இறுதியாகத் தீர்ப்பளித்ததோ 2018 இல்தான்.

இந்தியாவைப் பார்த்து நாம் நகைப்பதற்கில்லை. எமது தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகளும் அதே காலனித்துவச் சிந்தனையின் பிள்ளைகளே. 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் 365ஏ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. இவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் எமது உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை.

ஆணுறை கொடுத்தால் ஒழுக்கம் கெடும் என்போருக்கு ஒன்று கேட்கிறேன்: திகாரில் அந்த மருத்துவக் குழு கண்டது ஆணுறை கொடுத்த பிறகு நடந்ததையா? பலாத்காரத்தைத் தடுப்பது காவலரின் கடமை. அக்கடமையில் தவறுவோர் ஒழுக்கத்தின் பெயரால் ஆணுறையையும் மறுப்பது எவ்வகை நீதி?

சிறையிலுள்ளோருக்கும் வெளியிலுள்ளோருக்குச் சமமான மருத்துவப் பராமரிப்பு வேண்டும் என்கின்றன, ஐ.நா. 2015 இல் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள். கொழும்பில் எந்த மருந்துக் கடையிலும் வாங்கக்கூடிய ஒரு பொருள், மதிலுக்குள் மட்டும் ஏன் குற்றப்பொருளாக வேண்டும்?

நீதிமன்றம் விதிப்பது சிறைவாசம்; நோயையன்று. விளக்கமறியலில் இருப்பவனுக்கோ எத்தண்டனையும் விதிக்கப்படவில்லை. இவர்களில் பெரும்பாலானோர் ஒருநாள் மனைவி, பிள்ளைகளிடம் திரும்புவர். ஆகவே ஆணுறையைச் சிறை வைத்தியரின் அறையில், பெயர் கேளாது எடுத்துச் செல்லும்படி வையுங்கள். அதற்குத் தடையாகும் சட்டத்தைத் திருத்துங்கள். அதன்பின் வகுப்பு நடத்துங்கள், கைதிகள் கேட்பார்கள்.